செட்டிநாட்டு வீட்டுக் கதவைத் திறக்கும் முன் பேசி முடிக்க வேண்டியவை

செட்டிநாட்டைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அரை நாளில் திரும்பிவிடுகிறார்கள். மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ கார் வரும். கானாடுகாத்தானில் அரண்மனை வாசலில் நாலு படம், ஆத்தங்குடி பெரிய வீட்டில் ஒரு சுற்று, காரைக்குடியில் மதியச் சாப்பாடு, அதோடு ராமேஸ்வரத்துக்கோ தஞ்சாவூருக்கோ வண்டி கிளம்பிவிடும். ஊருக்கு மிஞ்சுவது நுழைவுக் காசும் இளநீர்க் காசும்தான். நான் இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். அப்பா ஒரு பெரிய வீட்டுக்குக் காவலாக இருந்தவர். இப்போது நான் வெளியூர் ஆட்களை இங்குள்ள வீடுகளுக்கும் பட்டறைகளுக்கும் கூட்டிப்போய்க் காட்டுகிறேன், இரவு தங்க ஏற்பாடு செய்கிறேன். வேறு மாவட்டங்களிலிருந்து "எங்க ஊர்லயும் இப்படி ஆரம்பிக்கலாமான்னு பாக்குறோம்ணே" என்று கேட்டு வருகிற தம்பிகளிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சொல்வது இது: இங்கே வீட்டுக்கு உரிமை உள்ளவர்கள் ஊரில் இல்லை, ஊரில் இருக்கிறவர்களுக்கு வீட்டில் உரிமை இல்லை. இந்த இரண்டு தரப்பும் பேசி முடிக்காமல் கதவைத் திறந்தால் அந்தச் சுற்றுலா ஒரு சீசனைத் தாண்டாது.

இந்த நிலை எப்படி வந்தது என்பது தெரிந்தால்தான் மேற்கொண்டு பேச முடியும். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், வாழ்ந்த ஊர்கள் ஒரு காலத்தில் 96 என்பார்கள். இன்று சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கும் மேற்பட்டவை மிஞ்சியிருக்கின்றன. பர்மா, இலங்கை, மலேயா என்று கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போனவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1940கள் வரை இந்த வீடுகளைக் கட்டினார்கள். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் கப்பலில் வந்தன. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. அங்கே இருந்தவர்களில் பலர் போட்டது போட்டபடி திரும்பினார்கள். வருமானம் நின்றது, வீடு நின்றுகொண்டிருந்தது. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். இப்போது ஒரு வீட்டுக்கு இருபது பங்காளி, நாற்பது பங்காளி என்று இருப்பது சாதாரணம். வாசல் பக்கத்து முகப்பும் உள்முற்றமான வளவும் எல்லாருக்கும் பொது. வளவைச் சுற்றியுள்ள உள்வீடு ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் பங்கு, ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு. கல்யாணம், அறுபதாம் கல்யாணம், முன்னோருக்குச் செய்யும் படைப்பு என்றால் எல்லாரும் வந்து கூடுவார்கள். மற்ற நாளில் காவல்காரர் ஒருவர், அல்லது வயதான ஆச்சி ஒருவர்.

ஆகவே "வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டேன்" என்று யாராவது சொன்னால் எந்த வீட்டுக்காரரை என்று கேட்பேன். ஒரு பங்காளி சரி என்று சொல்லியிருப்பார், அவருடைய சித்தப்பா மகன் ஃபேஸ்புக்கில் தன் வீட்டு வளவில் யாரோ காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்த்துவிட்டுப் போன் போடுவார். நான் ஒரு வீட்டுக்கும் வாய்ச்சொல்லில் ஆள் கூட்டிப் போவதில்லை. ஒரு பக்கத் தாளில் தமிழில் எழுதி எல்லாப் பங்காளிகளுக்கும் வாட்ஸ்அப்பில் போய்ச் சேர வேண்டும். அதில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை. எதுவரை உள்ளே போகலாம். படம் எடுக்கலாமா, சினிமா, விளம்பரப் படப்பிடிப்புக்கு யாரைக் கேட்க வேண்டும். தலைக்கு எவ்வளவு, அதில் காவல்காரருக்கு எவ்வளவு, வீட்டுப் பொதுக்கணக்குக்கு எவ்வளவு. வீட்டில் விசேஷம் வந்தால் எத்தனை நாள் முன்னால் சொல்வார்கள்.

எங்கள் பேச்சில் பெரும்பாலும் காசு பிரச்சினையாக வந்ததில்லை. எதுவரை உள்ளே விடலாம் என்பதில்தான் நேரம் போகும். சென்னையிலிருந்து வந்த ஒரு ஆச்சி வளவில் நின்றபடியே எனக்குக் கோடு போட்டுக் காட்டினார். "தம்பி, முகப்பு பாக்கட்டும், பட்டாலை பாக்கட்டும், வளவுல நின்னு பாக்கட்டும். சாமி வீட்டுப் பக்கம் மட்டும் போகக் கூடாது. எங்க ஐயா படத்துக்கு முன்னாடி நின்னுக்கிட்டு செல்ஃபி எடுக்கக் கூடாது." நியாயமான பேச்சு. அன்றிலிருந்து எந்த வீடானாலும் சாமி வீடு உள்ள பக்கத்தில் ஒரு கயிறு கட்டிவிடுவோம். விருந்தாளிகள் யாரும் இதுவரை அதற்கு முகம் சுளித்ததில்லை. இது பொருட்காட்சி இல்லை, ஒரு குடும்பத்தின் வீடு என்பது அந்தக் கயிற்றைப் பார்த்தவுடனே அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பிக்கிறார்கள்.

காவல்காரர் பங்கைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். மாதச் சம்பளம் குறைவு. காலையில் வாசல் தெளிப்பதிலிருந்து இராத்திரி கதவடைப்பது வரை எல்லாம் அவர்தான். பார்வையாளர் வந்தால் அவருக்குத்தான் வேலை கூடுகிறது. தரையைத் துடைக்க வேண்டும், தண்ணீர் வைக்க வேண்டும், கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். டிப்ஸ் கிடைக்கும் என்று விட்டுவிட்டால், கையை நீட்டி நிற்கும் நிலைக்கு அவரைத் தள்ளுகிறோம். நாங்கள் தலைக்கு 100 ரூபாய் வாங்கும் வீட்டில் 40 ரூபாய் அவருக்கு என்று தாளிலேயே எழுதி வாசலில் ஒட்டியிருக்கிறோம். விருந்தாளிக்கும் அது தெரியும். என் அப்பாவுக்கு அப்படி ஒரு தாள் இருந்ததில்லை.

மீதிப் பணம் எதற்கு என்ற கேள்வி அடுத்து வரும். ஓட்டுக்கு. வேறு எதற்கும் இல்லை. இந்த வீடுகளுக்கு முதல் எதிரி மழை. நாட்டு ஓடு ஒன்று நகர்ந்தால் தண்ணீர் இறங்கும். இறங்கிய தண்ணீர் சுவரில் ஊறும். முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்துப் பூசிய சுண்ணாம்புப் பூச்சு, நூறு வருஷம் கண்ணாடிபோல் மின்னியது, இரண்டு மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு உதிரும். கைப்பிடிச் சுவரில் குருவி போட்ட அரச விதை முளைத்து விரல் நீளம் இருக்கும்போது பிடுங்கினால் ஒரு நிமிட வேலை. மூன்று வருஷம் விட்டால் வேர் சுவரைப் பிளந்துவிடும், அப்புறம் கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டும். வருகிற பணத்தை முகப்புக்குப் பெயின்ட் அடிக்கச் செலவழிக்கலாம் என்று ஒரு பங்காளி சொல்வார். நான் விடுவதில்லை. ஓடு மாற்றிய ரசீதைப் பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்ட பிறகு, அதுவரை பேசாமல் இருந்த பங்காளிகள்கூட "அடுத்த வருஷம் பின்கட்டையும் பாருங்க" என்று எழுதினார்கள். பார்வையாளர் காசில் கூரை நிற்கிறது என்று கண்ணால் பார்த்ததுதான் அவர்கள் மனதை மாற்றியது.

இது நடக்காத வீடுகளின் கதி என்ன என்பதைக் காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் தெருவில் போய்ப் பார்த்தால் தெரியும். தூண், நிலைக்கதவு, உத்தரம், கொடுங்கை எல்லாம் வரிசையாகச் சாத்தி வைத்திருப்பார்கள். வீட்டை இடித்து மரத்தை விற்றால் இன்றைக்கே கையில் பணம்; வீட்டை வைத்துக்கொண்டிருந்தால் வருஷா வருஷம் செலவு. வெளிநாட்டில் இருக்கும் மூன்றாம் தலைமுறைப் பிள்ளை விற்றுவிடலாம் என்று சொன்னால் நான் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் என் விருந்தாளிகளை அந்தத் தெருவுக்குத் தூண் வாங்கக் கூட்டிப் போவதில்லை. சின்னச் சின்னப் பாத்திரம், எனாமல் தட்டு, பழைய அச்சுப் படம் வாங்குவது வேறு. நிலைக்கதவு வாங்க ஆள் சேர்த்துக் கொடுத்துக்கொண்டே பாரம்பரியத்தைக் காக்கிறேன் என்று பேச எனக்கு வாய் வராது.

மரத்தைவிட வேகமாகப் போவது காகிதம். பேரேடு, கொண்டுவிற்கப் போன இடத்திலிருந்து எழுதிய கடிதங்கள், கல்யாணப் பத்திரிகை, மொய் நோட்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களும் இதழ்களும் அவர் 1992இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால் சிதறாமல் தப்பி, 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாக நிலைபெற்றன. எல்லா வீட்டுக்கும் அந்த அதிர்ஷ்டம் வராது. வீட்டைத் திறப்பதற்கு முன் பெட்டகத்தில் இருக்கும் காகிதத்தைப் போனிலாவது படம் எடுத்துப் பங்காளிகளிடம் கொடுத்துவிடுங்கள். பூச்சி அரித்தாலும் எழுத்து மிஞ்சும். சொல்வதற்குக் கதையும் அதிலிருந்துதான் கிடைக்கும்.

இனி பட்டறை. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்வதைப் பார்க்க எல்லாருக்கும் ஆசை, பார்க்க வேண்டியதும்தான். கண்ணாடித் துண்டைக் கீழே வைத்து, சுற்றிலும் இரும்புச் சட்டம் போட்டு, நடுவில் பூ அச்சை இறக்குவார். பக்கத்தில் கிண்ணங்களில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று குழம்புப் பதத்தில் கலர் சிமென்ட். கரண்டியால் அள்ளி அச்சின் ஒவ்வொரு அறையிலும் ஊற்றுகிறபோது ஒரு சொட்டு பக்கத்து அறைக்குப் போகாது. அச்சை நேராக மேலே தூக்குவார். கோடு கலையாமல் பூ அப்படியே கண்ணாடியில் நிற்கும். அதன்மேல் காய்ந்த சிமென்டும் மணலும் தூவி, ஈரக் கலவையை வைத்துக் கரணையால் வழித்துச் சமன் செய்வார். அப்புறம் காயவைத்தல், தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்தல், மறுபடி காயவைத்தல், கடைசியில் கண்ணாடி கழன்று வரும். கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லில் ஏறியிருக்கும். சூளை கிடையாது, பாலிஷ் மெஷின் கிடையாது.

இதில் வெளியாள் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. அந்த மனிதருக்குக் கூலி கல் கணக்கில். பத்துப் பேர் சுற்றி நின்று "இன்னொரு தடவை காட்டுங்க", "கொஞ்சம் மெதுவா, வீடியோ எடுக்கணும்" என்றால் அந்த அரைமணியில் அவர் போட்டிருக்க வேண்டிய கற்கள் போயின. சிரித்த முகத்தோடு காட்டுவார், ஆனால் சாயங்காலம் கணக்குப் பார்க்கும்போது அந்த நஷ்டம் அவருடையது. நாங்கள் பட்டறை முதலாளியிடமும் வேலை செய்கிற அண்ணனிடமும் தனித்தனியாகப் பேசி, ஒரு குழு வந்தால் அரைமணிக்கு இவ்வளவு என்று அவர் கையில் நேராகக் கொடுக்கிறோம். விருந்தாளியே ஒரு கல் போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அதற்குத் தனி. இது வந்த பிறகு அவரே ஒரு ஓரத்தில் நிழல் கட்டி, பழைய அச்சுகளைத் துடைத்து வரிசையாக மாட்டி வைத்திருக்கிறார். கோட்டான் என்ற பனையோலைக் கூடை பின்னுகிற பெண்களிடமும், கண்டாங்கிச் சேலைத் தறியிலும் இதே கணக்குத்தான். கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது நல்ல சேதி. தறியில் உட்கார்ந்திருப்பவருக்கு அன்றாடம் உதவுவது அவர் நேரத்துக்குக் கிடைக்கும் கூலி.

கோட்டானைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. கல்யாணச் சீருக்கும் கோயில் காரியத்துக்கும் பனையோலையில் பின்னிய கூடை, பிளாஸ்டிக் வந்ததும் ஏறக்குறைய நின்றுபோனது. எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாச்சார அறக்கட்டளை மூலம் விசாலாட்சி ராமசாமி பழைய கோட்டான்களைத் தேடியெடுத்து, ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை மறுபடி நடமாட வைத்தார். நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது: பார்க்க வருகிறவர் வாங்குகிற பொருளாக அது மாறுவதற்கு முன்னால், ஊர்க் கல்யாணங்களில் அது மறுபடி தட்டேறியது. உள்ளூரில் புழங்காத பொருளை வெளியூர்க்காரருக்காக மட்டும் செய்தால் சீசன் முடிந்ததும் கையும் நின்றுவிடும்.

சாப்பாடு விஷயத்தில் ஓட்டலோடு போட்டி போட வேண்டாம். காரைக்குடியில் 'பங்களா', கானாடுகாத்தானில் 'விசாலம்' போன்ற தங்கும் இடங்கள் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பெயர் வாங்கிவிட்டன, அவர்களால்தான் வெளிநாட்டிலிருந்து இந்தப் பக்கத்துக்கு ஆளே வர ஆரம்பித்தார்கள். கிராமத்து வீட்டில் செய்ய வேண்டியது வேறு. வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி, கும்மாயம் என்று அந்தக் காலை வேளையில் அந்த அடுப்படியில் இயல்பாக ஆகிறதைக் கொடுங்கள். ஒரு நேரத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதல் நாளே எண்ணிக்கை சொல்லி, பாதிப் பணத்தைச் சமைக்கிற அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். கறி வாங்கக் கையிலிருந்து போட்டுவிட்டு, ஆள் வராமல் போனால் அவர்கள் மறுமுறை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கழிப்பறையை மறந்துவிட்டு யாரும் திட்டம் போட வேண்டாம். பழைய வீடுகளில் அது பின்கட்டுக்கும் பின்னால், இருட்டில் இருக்கும். வயதான விருந்தாளிகள்தான் இந்தப் பக்கம் அதிகம் வருகிறார்கள். வீட்டின் அமைப்பைக் கெடுக்காமல் பின்கட்டில் ஒரு நல்ல கழிப்பறை, தண்ணீர், விளக்கு, பிடித்துக்கொள்ளக் கம்பி. இதைச் செய்த பிறகு கூட்டி வாருங்கள்.

டிரைவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விருந்தாளி இரவு தங்குவதும் தங்காததும் பல சமயம் டிரைவர் கையில்தான் இருக்கிறது. "அங்க ஒண்ணும் இல்ல சார், பாத்துட்டு ராமேஸ்வரம் போயிடலாம்" என்று அவர் சொன்னால் முடிந்தது. கமிஷன் கொடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். எங்கள் அனுபவத்தில் கமிஷனைவிட வேலை செய்தது படுக்கை. பல இடங்களில் முதலாளி குளிர்சாதன அறையில் தூங்க, டிரைவர் காருக்குள் கொசுக்கடியில் படுத்திருப்பார். நாங்கள் டிரைவருக்குத் தனி அறை, மின்விசிறி, குளிக்க வசதி, விருந்தாளிக்கு வைக்கிற அதே சாப்பாடு என்று வைத்தோம். அவர்களாகவே அடுத்த முறை முன்கூட்டிப் போன் செய்து "அண்ணே, ரெண்டு நாள் போட்டிருக்கேன்" என்கிறார்கள்.

இரண்டு நாள் போடுவதற்கு இப்போது வசதியும் கூடியிருக்கிறது. மதுரையிலிருந்து கிளம்பினால் பக்கத்திலேயே கீழடி. 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தை செட்டிநாட்டுக் கட்டடப் பாணியிலேயே கட்டியிருக்கிறார்கள். அங்கே இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய செங்கல்லையும் பானையையும் பார்த்துவிட்டு, சிவகங்கை வழியாக நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதி, கண்ணுடையநாயகி கோயில். சாயங்காலம் செட்டிநாட்டு ஊர் ஒன்றில் நடை. நேர்நேரான தெருக்கள், கூரைத் தண்ணீர் வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகும் வாட்டம், இதெல்லாம் காரிலிருந்து தெரியாது. வெயில் தாழ்ந்து நடந்தால்தான் தெரியும். பங்குனியிலிருந்து ஆவணி வரை மதிய வேளையில் யாரையும் வெளியே கூட்டிப் போக வேண்டாம்.

தை மாதத்தில் நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கலுக்கு வெளிநாட்டுப் பயணிகளும் வருகிறார்கள். கோயில் முன்னால் நகரத்தார் குடும்பங்கள் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஒரு பானை வைத்து வரிசையாகப் பொங்குவார்கள். முதல் பானை யாருடையது என்பதைக் குடவோலைச் சீட்டில் எடுப்பார்கள். அது அவர்களுடைய வேண்டுதல். நாங்கள் ஒதுங்கி நிற்கும் இடத்தை முன்னமே கேட்டு வைத்துக்கொண்டு அங்கேயே நிற்போம். பானைக்கும் பானைக்கும் நடுவில் கேமராவோடு நுழைகிற ஆளை நான் அடுத்த வருஷம் கூட்டி வருவதில்லை.

வழிகாட்டிகள் என்ன கதை சொல்கிறார்கள் என்பது எனக்கு முக்கியம். பளிங்கும் தேக்கும் எங்கிருந்து வந்தன என்று சொல்கிற அதே வாயால் பணம் எங்கிருந்து வந்தது என்றும் சொல்ல வேண்டும். நகரத்தார் பர்மாவில் வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள், அந்தக் கடனில்தான் ஐராவதி டெல்டாவில் நெல் வயல்கள் பெருகின. 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழ, கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் அவர்கள் கைக்கு வந்தது. 1930களின் பிற்பாதியில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி விளைநிலம் அவர்களிடம் இருந்தது. அவர்கள் அந்த நிலத்தை விரும்பித் தேடியவர்கள் இல்லை, அவர்களுக்கு வேண்டியது ரொக்கம். ஆனாலும் நிலம் இழந்தவனுக்கு அது ஆறுதல் ஆகாது. இதைச் சொன்னால் பங்காளிகள் கோபப்படுவார்களோ என்று புதிதாக வருகிற பிள்ளைகள் தயங்குகிறார்கள். நான் பார்த்தவரை, அந்தக் குடும்பத்துப் பெரியவர்கள்தான் இதை முழுசாகத் தெரிந்தவர்கள், அவர்களே மேற்கொண்டு விவரம் சொல்கிறார்கள். அதேபோல் இந்த வீடுகளைக் கையால் கட்டிய தச்சர், கொத்தனார், சுண்ணாம்பு அரைத்த பெண்கள், இவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இங்கேயே இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர் இப்போது எங்களோடு வழிகாட்டிகள். தாத்தா செதுக்கிய கதவுக்கு முன்னால் பேரன் நின்று பேசினால் கேட்கிறவருக்கு வீடு வேறு மாதிரித் தெரிகிறது.

2014இல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத்துக்கான தற்காலிகப் பட்டியலில் ஏறின. நிரந்தரப் பட்டியலில் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் காத்திருக்கிறார்கள். வந்தால் சந்தோஷம். ஆனால் பட்டியல் வந்த மறுநாள் கூட்டம் வரும். அப்போது கதவைத் திறக்க ஆள், காவல்காரருக்குப் பங்கு, கழிப்பறை, நிழல், ஓடு, எதுவும் பட்டியலோடு சேர்ந்து வராது.

தொடங்க நினைக்கும் தம்பிகளுக்குக் காலக்கணக்கும் சொல்லிவிடுகிறேன். விருந்தாளிகள் வரத்து கார்த்திகையில் கூடி மாசி வரை நிற்கும். பங்காளிகள் விசேஷத்துக்கு ஊர் வருகிறபோதே நேரில் உட்கார்ந்து பேச்சை முடித்துவிடுங்கள், போனில் முடியாது. ஓடு மாற்றத் தெரிந்தவர்கள் இப்போது சில பேர்தான். ஆடியிலேயே முன்பணம் கொடுத்து நாள் வாங்கி வையுங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் அவர்களைப் பிடிக்க முடியாது.